தலையில்லாத பட்டதாரிகளும் ஹேங்கர் அண்ணனும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேரை, அவர்கள் மேடை ஏறுவதற்கு முன்பே தலையில்லாமல் பார்த்தவர் எங்கள் ஹேங்கர் அண்ணன் ஒருவர்தான். மேடை இறங்கிய பிறகும் பார்த்தார். அப்போதும் தலை இருக்காது.

பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடைகளும் பூக்கடைகளும் இருக்கும் பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு சந்து ஓடுகிறது. அதில்தான் அவருடைய டோபிக் கடை. பட்டமளிப்பு அங்கிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம், துவைத்துத் தேய்த்துத் தரச்சொல்லி எங்களிடம் அனுப்பும். பட்டமளிப்புக் காலம் வந்தால் கூரைக் கம்பிகளில் கறுப்பு அங்கிகள் வரிசை வரிசையாகத் தொங்கும். அகலமான கைகள், அசையும் விளிம்புகள். உள்ளே வரும் வாடிக்கையாளர் முதலில் ஓர் அடி பின்வாங்குவார். பிறகுதான் விலை கேட்பார்.

அண்ணனுடைய உண்மையான பெயரை அவரே சொன்னதில்லை. ஒல்லி உடம்பு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற தோள்கள். சட்டை அவர் மேல் இருக்காது, அவரில் மாட்டியிருக்கும். அதனால் ஹேங்கர்.

நான் அங்கே இஸ்திரி மேசைக்காரன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். ஆட்களோடு பேச எனக்கு வராது. யாராவது கடைக்குள் வந்தால் அங்கிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் புடவை கொடுக்க வந்த ஓர் அம்மா, வரிசையாகத் தொங்கிய அங்கிகளில் ஒன்றுக்கு மட்டும் கீழே இரண்டு கால்களும் ஜப்பான் சிலிப்பரும் இருப்பதைப் பார்த்து அலறிவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா, அது நம்ம ஆளு" என்றார் ஹேங்கர் அண்ணன். "கால் இல்லாம நிக்குது பாருங்க, அதுங்ககிட்டதான் கொஞ்சம் மரியாதையா இருக்கணும்."

அந்த அம்மா புடவையை வாங்க வரவில்லை. மகனை அனுப்பினார்.

கடைக்குள் சில விதிகள் இருந்தன. அங்கிகளுக்கு நடுவே போகும்போது "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். எந்த அங்கிக்குள்ளும் விளையாட்டுக்காகக் கை நுழைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி, இரண்டு அங்கிகளை எதிரெதிரே மாட்டக்கூடாது. "முகத்துக்கு முகம் பாத்துட்டா பேச ஆரம்பிச்சுரும் தம்பி. அப்புறம் நாமளும் கேட்டுக்கிட்டே நிப்போம். வேலை நடக்காது."

அவற்றோடு அவர் பேசுவார். காதைத் தோள்பட்டையில் வைத்துக் கேட்பார். ஒரு விரிவுரையாளர் தன் சிவப்பு அங்கியை வாங்க வந்தபோது, "சார், இது உங்களப் பத்தி நல்லா சொல்லலையே" என்றார்.

"என்ன சொல்லுது?"

"நீங்க மேடையில தூங்கிட்டீங்களாம்."

விரிவுரையாளர் மீதிச் சில்லறைகூட வாங்காமல் பணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் எல்லா நாளும் இப்படிப் பலித்தது என்று நினைக்காதீர்கள். இன்னொரு நாள் ஒரு பெண்ணிடம், "இந்த அங்கி ரொம்ப அழுதிருக்கும்மா, காதல் தோல்வி" என்று சொல்லிக் கறையைக் காட்டினார். அது சோயா சாஸ்.

எதிர்ப்புற அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்த யாரோ, கறுப்பு உடையில் பெரிய கூட்டம் ஒன்று சத்தமே இல்லாமல் கூடியிருக்கிறது என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். பட்டப்பகலில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த இளையவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இவர்கள் எல்லாம் யார் என்று மலாயில் கேட்டார்.

"செமுவா கிராஜுவேட், துவான்" என்றார் அண்ணன். எல்லாரும் பட்டதாரிகள்தான், ஐயா.

போலீஸ்காரர்கள் அதன் பிறகு உள்ளே வரவில்லை. வெளியிலிருந்தே எழுதிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அது பொன்னாடை விஷயம்.

ஒரு கல்லூரியிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மூட்டை வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் ஒரு சங்கம் அங்கே இருந்தது. ஹானர் சொசைட்டி என்பார்கள். சேரும் நாளில் பிள்ளைகள் கறுப்பு அங்கி அணிந்து, கழுத்தில் தங்க நிறத் துணி ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். பார்க்க நம் ஊர்ப் பொன்னாடை போலவே இருக்கும், நாங்களும் அப்படியே சொல்லுவோம். கையில் மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி எடுப்பார்களாம். அதனால் ஒவ்வொரு பொன்னாடையிலும் மெழுகுச் சொட்டு இருக்கும். பழுப்புக் காகிதத்தை வைத்துச் சூடாகத் தேய்த்தால் மெழுகு காகிதத்துக்கு வந்துவிடும். அது என் வேலை.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொன்னாடையில் மட்டும் மெழுகு இருக்காது. உடுத்தாத துணி என்று தள்ளிவிடலாம் என்றால், கழுத்து படும் இடத்தில் வியர்வை மடிப்பு இருக்கும். மூட்டை கொண்டுவரும் மாணவர், எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கே அங்கிள், எப்பவும் இப்படித்தான்" என்று தோளைக் குலுக்குவார்.

"அது வேணாம்னு சொன்னவங்களோடது" என்பார் ஹேங்கர் அண்ணன், என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி. "கூப்பிட்டாங்க, இவங்க போகல. ஆனா இடம் ஒதுக்கியாச்சு இல்ல? அந்த இடம் சும்மா இருக்குமா? தானே போய் நிக்கும். தானே போட்டுக்கும். கைதான் இல்ல, மெழுகுவர்த்தி புடிக்க முடியாது. பாவம்."

அந்தப் பொன்னாடையை மட்டும் நான் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தேய்ப்பேன்.

என் மகள் தாரணி படித்தது அதே கல்லூரியில். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம். வகுப்பு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுவாள், இரண்டு பேரும் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பண்டமாரான் வீட்டுக்குப் போவோம். ஒரு மாலை ரயிலில் கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள்.

"அப்பா, ஹானர் சொசைட்டில சேரச் சொல்லி மெயில் வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

என் நெஞ்சில் ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் மெழுகில்லாத பொன்னாடை. "சேர்ந்தா என்ன கிடைக்கும்மா?" என்று கேட்டேன்.

"ஒரு சர்டிபிகேட். ரெசுமேல ஒரு வரி. சனிக்கிழமை ஜூனியர் பசங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கணும். கட்டணம் வேற." ஜன்னலைப் பார்த்தாள். "வேணாம்பா. வொர்த் இல்ல."

சொன்னவள், ஷா ஆலம் தாண்டும் வரை அந்த மெயிலை மூடவில்லை.

எனக்குப் புரியாத உலகம். கேட்டுப் பார்க்கலாம் என்று தைரியத்தை வரவழைத்து இரண்டு பேரிடம் கேட்டேன். சட்டை கொடுக்க வரும் வங்கி அதிகாரி, "இன்டர்வியூல யாரும் அதெல்லாம் பாக்க மாட்டாங்க பாஸ்" என்றார். பண்டமாரானில் பக்கத்து வீட்டு லோரிக்காரர், "குடுக்கறத ஏன்லா வேணாங்கறது? வாங்கிப் போடு" என்றார். இரண்டும் சரியாகவே பட்டது. அதனால் பயனில்லை.

கடைசியில் ஹேங்கர் அண்ணனிடம் கேட்டேன். அவர் அங்கியின் கையை மடித்தபடி யோசித்தார். "சங்கம்னா எனக்குத் தெரிஞ்சது மரண சகாய சங்கந்தான். செத்தா மாலை போடுவாங்க. உசிரோட இருக்கறப்பவே போடற சங்கமா இது? அப்ப நல்லதாத்தான் இருக்கும்." பிறகு முகம் மாறியது. "ஆனா தம்பி, வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் அந்த எக்ஸ்ட்ரா யாரோடதுன்னு நமக்கே தெரிஞ்சிரும்."

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிவிட்டது. அண்ணன் என்னை டீ வாங்க அனுப்பினார். நான் பின்வாசல் வழியாகப் போனேன். சந்து முனை போவதற்குள் இடி இறங்கியது, மழை கொட்டியது. டீ இல்லாமலே ஓடி வந்து பின்வாசலில் நுழைந்தேன். அந்த நேரம் மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் "மன்னிக்கணும்" சொல்லிக்கொண்டு அங்கிகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்தேன். மின்விசிறி நின்றுவிட்டது. ஆனால் அங்கிகள் ஆடிக்கொண்டிருந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அங்கியின் ஈரமான கை ஒன்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. அன்று காய்ந்த துணிகள் மட்டும்தான் மாட்டியிருந்தோம். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

முன்பக்கம் பேச்சுக்குரல். தாரணி மழைக்கு ஒதுங்கி வந்திருக்கிறாள்.

"என்ன பாப்பா, சொசைட்டிக்கு என்ன முடிவு?"

"வேணாம்னு அனுப்பப் போறேன் அங்கிள்."

"ஏம்மா? கட்டணமா?"

"அது ஸ்காலர்ஷிப்ல சமாளிச்சுக்குவேன்." பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அங்கிள், அப்பாகிட்டச் சொல்லாதீங்க. சனிக்கிழமை சேர்ற விழாவுக்கு அப்பாவோ அம்மாவோ மேடைக்கு வரணும். மெழுகுவர்த்திய ஏத்தி நம்ம கையில குடுத்து, அந்தப் பொன்னாடைய அவங்கதான் போட்டு விடணும். அம்மாவுக்கு அன்னிக்கு ஃபேக்டரியில ஓவர்டைம். அப்பாதான் வரணும். அவரால முடியுமா? நாலு பேர் வந்தாலே துணிக்குப் பின்னால போய் நின்னுக்குவாரு. அவரக் கஷ்டப்படுத்தி எனக்கு என்ன பொன்னாடை? அதான் வொர்த் இல்லன்னு சொல்லிட்டேன்."

ஹேங்கர் அண்ணன் பெருமூச்சு விட்டார். எதற்கும் அங்கிகளைக் கேட்பதுதான் அவர் வழக்கம். எங்கள் பக்கம் திரும்பி, சத்தமாக, "கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு" என்றேன்.

தாரணி அலறினாள். அதைவிடப் பெரிதாக இன்னோர் அலறல் கேட்டது. நான் வெளியே வந்து பார்த்தபோது அண்ணன் கடையில் இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக அவற்றிடம் பேசியவர், ஒரு தடவை பதில் வந்ததும் கொட்டும் மழையில் சந்து முனை வரை ஓடியிருந்தார்.

நனைந்த கோழியாகத் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்களா லா?" என்றார். அந்தக் குரலில் நிம்மதியோடு ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது.

"போறோம்மா" என்றேன் மகளிடம். "சேர்றேன்னு அனுப்பு."

"அப்பா, மேடைப்பா. இங்கிலீஷ்ல பேசுவாங்க."

"நான் பேச வேண்டாமில்ல? பத்த வைக்கணும், அவ்வளவுதானே?"

"நானும் வரேன்" என்றார் அண்ணன், தலையைத் துவட்டிக்கொண்டே. "லைட்ட அணைச்சுருவாங்க. இருட்டுல எதுக்கு வெக்கம்? பக்கத்துலயே நிப்பேன். அதுங்கள எனக்கு நல்லாத் தெரியும்."

அந்தச் சனிக்கிழமை மாலை அவருடைய பழைய வேனில் போனோம். அண்ணன் முதன்முறையாகத் தன் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். நீலச் சட்டை, விறைப்பாக. மண்டபத்துத் திரைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். மேடைக்கு வர வேண்டிய பெற்றோரை ஓரமாக நிற்க வைத்தார்கள். நான் சுவரோடு சுவராக நின்றேன். ஒளிந்துகொள்ள ஒரு துணிகூட இல்லை.

விளக்குகள் அணைந்தன. கதவு திறந்தது. கறுப்பு அங்கிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வந்தன. மேடையில் எரிந்த ஒரே பெரிய மெழுகுவர்த்தியின் வெளிச்சம் அவற்றின் முகங்களில் விழுந்தது.

ஹேங்கர் அண்ணன் என் கையைப் பிடித்தார். ஐஸ் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் அங்கி துவைத்தவர் ஒரு பட்டமளிப்பைக்கூடப் பார்த்ததில்லை.

"தம்பி" என்றார். "எல்லாத்துக்கும் தலை இருக்கு!"

"பிள்ளைங்கண்ணே. அதுங்களுக்கு இருக்கும்."

"கடைசில நிக்கறதத் தவிர."

நான் பார்த்தேன். வரிசையின் கடைசியில், வெளிச்சம் எட்டாத இடத்தில், ஓர் அங்கி நின்றது. கழுத்தில் பொன்னாடை மின்னியது. அதற்கு மேலே இருட்டுதான் இருந்தது.

என் மகளின் பெயரை அழைத்தார்கள். அண்ணன் என் கையை விடவில்லை. விட்டால் ஓடிவிடுவார் என்று தெரிந்தது. என்னைவிடப் பயந்த ஒருவரை நான் வாழ்க்கையில் பார்த்தது அன்றுதான், அந்தப் பயத்தை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததால் என் கூச்சத்தைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. ஒரு கையில் அண்ணன், ஒரு கையில் மெழுகுவர்த்தி. ஏற்றினேன். தாரணியிடம் கொடுத்தேன். பொன்னாடை போட இரண்டு கையும் வேண்டுமே! "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று அவர் கையை என் சட்டை நுனியில் பிடிக்க வைத்துவிட்டு, மகளின் கழுத்தில் பொன்னாடையைப் போட்டேன். அவள் சிரித்தாள். கண்ணும் நிறைந்திருந்தது. மண்டபம் கைதட்டியது என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை.

உறுதிமொழி முடிந்தது. வெள்ளைத் தலைமுடியுடன் இருந்த கல்லூரித் தலைவி அம்மா, இப்போது எல்லாரும் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம் என்றார். பிள்ளைகள் கன்னத்தை உப்பினார்கள்.

"ஊதாதீங்க!"

அண்ணன்தான். பயமெல்லாம் போய்விட்டது அவருக்கு. "நோ ப்ளோ! கேனாட் ப்ளோ லா! அப்பா அம்மா ஏத்திக் குடுத்த வெளக்க எவனாச்சும் வாயால ஊதுவானா?"

உப்பிய கன்னங்கள் அப்படியே நின்றன. தலைவி அம்மா சீனப் பெண்மணி. கோபப்படவில்லை. பின் எப்படி அணைப்பது என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணன் மேடை அலங்காரத்திலிருந்து ஓர் ஆர்க்கிட் பூவைப் பறித்து, தண்ணீர்க் குவளையில் நனைத்து, தாரணியின் சுடர் மேல் மெல்ல வைத்தார். உஸ் என்றது. அவ்வளவுதான். பிள்ளைகள் வரிசையாக வந்து பூப் பறித்தார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பூ அலங்காரம் மொட்டையாகிவிட்டது.

விளக்குகள் எரிந்தபோது வரிசையின் கடைசியைப் பார்த்தேன். தாரணி நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு அப்புறம் நின்னது யாரும்மா?"

"நான்தாம்பா கடைசி. எனக்கு அப்புறம் யாரும் இல்ல."

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேன் வரைக்கும் வேகமாக நடந்தோம்.

அடுத்த வாரம் மூட்டை வந்தது. தாரணியின் பொன்னாடையை அண்ணனே தேடி எடுத்தார். மெழுகு நன்றாகவே சொட்டியிருந்தது. அவருக்குத் திருப்தி. எக்ஸ்ட்ராவும் இருந்தது, வழக்கம் போல மெழுகில்லாமல். அதை உதறினேன். மடிப்பிலிருந்து ஓர் ஆர்க்கிட் இதழ் விழுந்தது.

"அதுவும் பூவால அமத்திட்டுத்தான் போயிருக்கு" என்றார் அண்ணன். "மரியாதை தெரிஞ்ச பிள்ள."

அந்தச் சங்கத்தில் சேர்ந்தது பிரயோஜனமா என்று கேட்டால், இன்றுவரை எந்த நேர்முகத் தேர்விலும் யாரும் தாரணியிடம் அதைக் கேட்கவில்லை. வங்கி அதிகாரி சொன்னது சரி. ஆனால் அன்று அவளுக்கு முன்னால் நின்ற, சரவாக்கிலிருந்து படிக்க வந்த பெண் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில்தான் முறுக்கு பிழிகிறாள். சனிக்கிழமைகளில் தாரணியிடம் படித்த பையன் ஒருவன் இப்போது அவளையே எதிர்த்து வாதாடும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். சங்கத்தில் இப்போதும் மெழுகுவர்த்தியைப் பூவால்தான் அணைக்கிறார்களாம். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்களாம்.

ஹேங்கர் அண்ணன் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று தானே வேனை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வரவில்லை. கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஆள் வந்தால் முன்னால் வந்து நிற்கிறேன், விலையும் சொல்கிறேன். அங்கிகளுக்கு நடுவே போகும்போது மன்னிப்புக் கேட்கிறேன். எல்லா விதிகளையும் காப்பாற்றுகிறேன், ஒன்றைத் தவிர.

அவருடைய நீலச் சட்டையை என் இஸ்திரி மேசைக்கு நேர் எதிரே, என்னைப் பார்த்தபடி மாட்டியிருக்கிறேன். சில பிற்பகல்களில் மின்விசிறி ஓடாதபோதும் அது லேசாக ஆடும். வேலை நடப்பதில்லை. பரவாயில்லை.